ஊரான் பஞ்சு

அத்தியாயம் 14

போன வாரம் நான் எந்தக் கோலத்தில் இருந்தேன் என்பதை மறந்தவர்களுக்காக: போடியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கி எரிந்து, அதன் முதலாளி பனியனோடு ரோட்டில் நின்றதைப் பார்த்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் கிடந்தேன். பிறகு ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, "இன்சூரன்ஸ் எடுக்கப்போறேன்" என்று அறிவித்தேன்.

வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

"உங்க மக ரெண்டு வருசமா சொன்னப்ப காதுல எதை அடைச்சிருந்தீக?" என்றாள் என் மனைவி ஜெபமணி.

இலவம் பஞ்சைத்தான். தேனி பஜாரில் 'ஜெபமணி மெத்தை ஸ்டோர்' நடத்துகிற ஞானதுரை வேறு எதை அடைப்பான்?

என் மகள் ஷெரின் எம்.காம். படித்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மொதல் தினுசு, கட்டடத்துக்கு மட்டும். ரெண்டாவது, கட்டடமும் உள்ள இருக்குற நம்ம சரக்கும். மூணாவது, நம்மளை நம்பி அடுத்தவுக போட்டு வச்ச சரக்குக்கும் சேத்து. சரக்கை வேற எடத்துல வச்சிருந்தா அந்த எடத்தையும் எழுதிக்கலாம். கொஞ்சம் கூட ஆகும். ஆனா அதத்தான்ப்பா எடுக்கணும்."

நான் கத்தரிக்காய் வாங்குகிறவன் போல மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டாவதை எடுத்தேன்.

"ஊரான் பஞ்சுக்கு நான் எதுக்குப் பிரீமியம் கட்டணும்?"

இதைச் சொன்னது நான்தான். இந்த வாயால்தான்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கத்து ஆட்கள் இலவங்காயைப் பறித்து, உடைத்து, பஞ்சைத் தாட்டில் அடைத்துக் கொண்டுவருவார்கள். தாட்டு என்றால் யானைக்குட்டி அளவுக்குச் சாக்கு மூட்டை. பார்த்தால்தான் பயம், இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கிவிடலாம். அன்றைய விலை பிடிக்கவில்லையென்றால் விற்க மாட்டார்கள். என் கிட்டங்கியிலேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. தங்கள் பழைய சேலையில் ஒரு கிழிசலைத் தாட்டின் வாயில் கட்டிவிட்டுப் போவார்கள். விலை ஏறியதும் வந்து, சேலையைப் பார்த்துத் தங்கள் தாட்டை எடுத்துக்கொள்வார்கள். என் அப்பா காலத்திலிருந்து ஒரு தாட்டு மாறியதில்லை.

இந்த வருடம் எல்லோரும் விற்றுவிட்டார்கள், மலையம்மாள் ஒருத்தியைத் தவிர. மயிலாடும்பாறைக்காரி. வாய் நீளம், மனசு விசாலம், சேலை எப்போதும் கெம்புக் கலர், அடர் சிவப்பு. கிட்டங்கியில் பாதி அவளுடைய கெம்புக் கிழிசல்தான்.

"இந்தப் பஞ்சை வித்து, பஞ்சடிக்கிற மிசினு ஒண்ணு வாங்கப்போறேன் அண்ணாச்சி. அடுத்த வருசம் ஒங்க கடைக்கு எதுத்தாப்புல மலையம்மா மெத்தை ஸ்டோரு. நீங்க ஈ ஓட்டுங்க" என்று என் கிட்டங்கியிலேயே நின்று, என் காப்பியையே குடித்துக்கொண்டு சொல்லுவாள்.

"ஓட்டுறேன் ஆத்தா. ஈக்கும் ஒரு மெத்தை தச்சுக் குடுத்துருவேன்" என்பேன் நான்.

பக்கத்தில் நிற்கும் ஏசுதாசன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஏசுதாசன் ஜெபமணியின் தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது டிரவுசர் போட்டுக்கொண்டு கூடவே வந்தவன். இன்னும் திரும்பிப் போகவில்லை. சோப்பு ஏஜென்சி, கேபிள் டி.வி., திராட்சைப் பெட்டி என்று அவன் தொடாத தொழில் இல்லை. பெட்டி அடிப்பதற்காக ஆண்டிபட்டி ரோட்டில், கண்டமனூருக்குப் பிரியும் விலக்கில் ஒரு தகர ஷெட் போட்டான். பெட்டி நின்றுபோயிற்று, ஷெட் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. அவனைத் திட்ட எனக்குச் சகல உரிமையும் உண்டு, மனம்தான் வராது. காரணம் அற்பமானது. என் ஜோக்குக்கு நான் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரிக்கிற ஒரே ஜீவன் அவன்தான்.

அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"அத்தான், ஆபீசர் வந்து பாக்கையில கிட்டங்கி கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி அடைசலா இருந்தா பயந்துருவாக. அதுல பாதி யாரு சரக்குன்னு வேற கேப்பாக. மலையம்மா தாட்டை எல்லாம் என் ஷெட்டுல போட்டுருவோம். ஆபீசர் அங்கிட்டுப் போனதும் இங்கிட்டுக் கொண்டாந்துருவோம்."

எனக்கு அது ராஜதந்திரமாகப் பட்டது. ஷெரினுக்கு அப்படிப் படவில்லை.

"பொண்ணு பாக்க வர்றவுககிட்ட மூத்தவளை ஒளிச்சு வச்சுட்டு எளையவளைக் காட்டுற மாதிரி இருக்குப்பா."

"எளையவளைத்தானே நம்ம கட்டிக்குடுக்கப் போறோம்?" என்றேன்.

ஏசுதாசன் சிரித்தான். வியாழக்கிழமை மினி லாரியில் மலையம்மாளின் தாட்டுகள் எல்லாம் கண்டமனூர் விலக்குக்குப் போயின.

* * *

வெள்ளிக்கிழமை காலை என் கிட்டங்கி மணப்பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தது. கூட்டி, ஒட்டடை அடித்து, வாசல் தெளித்தாயிற்று. சுவரோரம் சிவப்பு மணல் வாளிகள் வரிசையாகத் தொங்கின. இரவல் நகை. பக்கத்து பெட்ரோல் பங்கில் கெஞ்சி வாங்கியது.

கிட்டங்கிக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அங்கிருந்து கேசரி வாசனை வந்தது. பஜ்ஜியும் உண்டு என்று தகவல்.

"ஆபீசர் வந்து பஜ்ஜியைத் தின்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடுறேன்னு சொல்லப்போறாரு" என்றாள் ஷெரின்.

இன்சூரன்ஸ் ஆபீசர் ஷானவாஸ் உத்தமபாளையத்துக்காரர், சின்ன வயசு. பேச்சில் மரியாதை, கண்ணில் கத்தி. முதலில் வாசலில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"தீப்பெட்டி டின்னு. உள்ள போற ஆளு யாரா இருந்தாலும் பீடி, தீப்பெட்டியை இதுல போட்டுட்டுத்தான் போகணும். அப்பா காலத்துப் பழக்கம்."

அவர் ஒரு நிமிடம் அதையே பார்த்துவிட்டு, "நல்ல பழக்கம் சார்" என்றார். எனக்கு மார்பு விரிந்தது. அடுத்து வாளிகளிடம் போனார். மார்பு சுருங்கியது.

"வாளியில பெட்ரோல் பங்க் பேரு போட்டிருக்கே?"

"மாமனார் வீட்டுச் சீரு சார்."

ஷானவாஸ் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறவன் அங்கே இல்லை. ஷெட்டில் தாட்டுக்குக் காவல் வேண்டும் என்று ஏசுதாசன் காலையிலேயே விலக்குக்குப் போய்விட்டிருந்தான்.

"உள்ள இருக்குறது எல்லாம் உங்க சொந்தச் சரக்குதானே சார்?"

"பூராவும் என்னுது." நீல நைலான் கயிறு கட்டிய என் தாட்டுகளைப் பெருமையாகக் காட்டினேன்.

"அடுத்தவங்க போட்டு வச்ச பஞ்சு இருந்தா சொல்லிருங்க. அதுக்குத் தனியா சேத்துக்கலாம். இந்தப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"அதெல்லாம் அப்ப. இப்ப யாரு போடுறாக?"

"வேற எடத்துல சரக்கு?"

"எனக்கு இருக்குறது ஒரே கிட்டங்கி சார், ஒரே பொண்டாட்டி மாதிரி."

இதற்கு ஷானவாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் கவிழ்ந்தேன். செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேசரியை முழுசாகச் சாப்பிட்டார், பஜ்ஜியைத் தொட்டுக்கொண்டார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

"தொழுகை முடிச்சு, ஆபீஸ் போயிட்டு, சாயங்காலம் இன்னொரு பஞ்சுப் பார்ட்டியைப் பாக்கணும் சார். ஆண்டிபட்டி ரோட்டுல. நேத்துதான் சரக்கு வந்துச்சுன்னு போன் பண்ணாரு."

"அட, நம்மளை மாதிரி எவன் சார் அந்தப் புத்திசாலி?"

"அதைச் சொல்லப்படாது சார்" என்று பைக்கை உதைத்தார்.

நான் வாசலில் நின்று கைகாட்டினேன். உள்ளே வந்து இன்னொரு தட்டு கேசரி கேட்டேன். ஜெபமணி கொண்டுவந்து வைத்தாள். முதல் வாய் எடுத்தேன்.

ஷெரினின் செல்போன் அடித்தது. எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் செல்போன். எடுத்துக் கேட்டவள் முகம் போன போக்கைப் பார்த்து, என் கை அப்படியே நின்றது.

"அப்பா. மாமா ஷெட்டு எரியுதாம்."

* * *

இலவம் பஞ்சு எரியும்போது சத்தம் வராது. விறகு வெடிக்கும், ஓலை சடசடக்கும். இது பேசாமல் எரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருந்தது இல்லாமல் போகும்.

நானும் ஷெரினும் போய்ச் சேர்ந்தபோது தகரம் மட்டும் சிவந்து வளைந்து நின்றது. வைகாசிக் காற்று. கருகின பஞ்சு பூப்பூவாகப் பறந்து, ரோட்டில் நின்றவர்கள் சட்டையிலும் தலையிலும் ஒட்டியது. ஆண்டிபட்டியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

எனக்குப் பஞ்சு ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

"ஏசுதாசன் எங்க? ஏலே, ஏசுதாசன் எங்கடா?" என்று யார் யார் சட்டையையோ பிடித்துக் கத்தினேன்.

புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. வலது உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"இழுத்துப் போடப் பாத்தேன் அத்தான். ஒண்ணக்கூட இழுக்க முடியல."

"நாசமாப் போகுதுடா பஞ்சு. நீ முழுசா இருக்கியே, அது போதும்டா." அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் சட்டையில் புகை நாற்றம். எனக்கும் கண்ணில் தண்ணீர். புகையால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படி மாமா பிடிச்சுச்சு?" என்றாள் ஷெரின்.

"தெரியலம்மா. டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா புகை."

"ஷெட்டுக்கு இன்சூரன்ஸ் கின்சூரன்ஸ் எதுவும் இருக்காடா?" என்றேன். ஒரு நப்பாசை.

"எனக்கு ஏது அத்தான் அதெல்லாம்."

அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போதுதான், மண்டைக்குள் ஒவ்வொன்றாக இறங்கியது.

என் பஞ்சு முழுசும் பத்திரம். அதற்கு இன்று காலை பாலிசியும் போட்டாயிற்று. எரிந்தது மலையம்மாள் பஞ்சு. அவளுக்குத் தெரியாமல், அவளைக் கேட்காமல், தீப்பெட்டி டின்கூட இல்லாத ஒரு தகர ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டது நான். 'வேறு எங்கும் சரக்கு இல்லை' என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நான். மூன்றாவது தினுசுக்கும் இரண்டாவது தினுசுக்கும் இருந்த வித்தியாசத்தை மிச்சம் பிடித்ததும் நான்.

வழியெல்லாம் ஒரு ஜோக்கும் வரவில்லை. ஷெரின் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் தோளில் கை வைத்தாள்.

* * *

கிட்டங்கிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே துணி கிழிபடும் சத்தம்.

ஜெபமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பட்டுச் சேலை. கெம்புக் கலர். பல்லால் நுனியைக் கடித்து நீளமாகக் கிழித்தாள். எழுந்து போய், ஒரு தாட்டின் நீல நைலான் கயிற்றை அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கிழிசலைக் கட்டினாள். ஏற்கெனவே ஒரு சுவரோரம் முழுக்கக் கட்டி முடித்திருந்தாள்.

அந்தச் சேலை எனக்குத் தெரியும். ஏசுதாசன் சோப்பு ஏஜென்சியின் முதல் வருமானத்தில் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தது. அவன் வாழ்க்கையில் லாபம் என்று பார்த்த ஒரே மாதம் அது. கிறிஸ்துமசுக்கு மட்டும் கட்டுவாள்.

"என்னடி பண்ற?"

"மலையம்மா மதினி சாயங்கால பஸ்ஸுல வர்றேன்னு சொல்லியிருந்தாக. வந்து அவுக தாட்டைக் கேப்பாக. இந்தா இருக்கு."

"இது நம்ம தாட்டு ஜெபமணி."

"காலையில வரைக்கும் நம்மது."

"அப்ப நமக்கு?"

"நமக்குத்தான் பாலிசி இருக்குல்ல?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வீட்டில் ஜோக்கடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற ஏசுதாசன் சேலையைப் பார்த்தான். முகம் வெளிறியது. "அக்கா, இந்தச் சேலையையா?" என்றான்.

"மதினி கலருக்குக் கிட்ட இது ஒண்ணுதான்டா இருந்துச்சு. கையைக் காட்டு. ஐயோ, இது என்னடா இப்படி வெந்துருக்கு!" ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து, அவனைத் தாட்டின் மேல் உட்கார வைத்தாள்.

ஷெரின் அறுந்து கிடந்த நீலக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, இந்தத் தாட்டுக்குத்தான் காலையில பாலிசி போட்டோம், நம்ம சொந்தச் சரக்குன்னு. இப்ப இது அடுத்தவுக சரக்கு. நாளைக்கு இதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா? நான் ஆபீசருக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லப்போறேன்." என்னைப் பார்த்தாள். "ஒளிச்சு வச்சதையும் சேத்து."

"சொல்லு" என்றேன்.

"ஏம்மா அதெல்லாம் அவுககிட்ட..." என்று ஏசுதாசன் ஏதோ சொல்ல வந்தான். ஷெரின் சிக்னல் தேடி வெளியே போய்விட்டாள்.

அவள் போன வாசல் வழியாகவே மலையம்மாள் வந்தாள்.

* * *

கெம்புக் கலர் நூல் சேலை, இடுப்பில் சுருக்குப் பை, வாய் நிறைய வெற்றிலை.

"அண்ணாச்சி, நாளைக்கு வண்டி கொண்டாறேன். போடியில வெலை ஏறியிருக்காம். மிசினுக்கும் ஆளைப் பாத்துட்டேன்." உட்கார இடம் தேடியபடியே சொன்னாள். "வர்ற வழியில விலக்குல ஒரு ஷெட்டு எரிஞ்சு கெடக்கு பாத்தீகளா? பஸ்ஸுல எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்தோம். பஞ்சாமே! பாவம், எவன் பொழப்போ."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மதினி" என்றாள் ஜெபமணி. "ஒங்க தாட்டு அந்தச் சுவரோரமா இருக்கு."

மலையம்மாள் நடந்துபோய், முதல் தாட்டின் வாயைத் தொட்டாள். தொட்ட கை அங்கேயே நின்றது. கிழிசலை இரண்டு விரலால் தேய்த்தாள். அடுத்த தாட்டு. அதற்கடுத்தது.

"இது என் சேலை இல்லையே."

"ஒங்க கிழிசல் நைஞ்சு போச்சு மதினி. அதான் நான் புதுசா..."

"நான் கட்டுறது நூல் சேலை. இது பட்டு." திரும்பினாள். "பட்டைக் கிழிச்சா எனக்கு அடையாளம் கட்டுனீக? என்ன மதினி, என்ன நடக்குது இங்கன?"

ஜெபமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி என் முறை. நான் சொன்னேன். ஆபீசர் வந்தது, தாட்டை மாற்றியது, மறைத்தது, எல்லாம். என் வாழ்க்கையில் நடுவில் ஒரு கேலிகூட இல்லாமல் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மலையம்மாள் தாட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"எரிஞ்சது என்னுதா?"

தலையாட்டினேன்.

"நான் பஸ்ஸுல உச்சுக் கொட்டுனேனே அண்ணாச்சி. பக்கத்துல இருந்தவகிட்ட, எவன் பொழப்போ போச்சேன்னு சொன்னேனே. எனக்கு நானே உச்சுக் கொட்டியிருக்கேன்."

வெளியே ஷெரின் ஆபீசருடன் தணிந்த குரலில் பேசுவது மட்டும் கேட்டது.

"நான் எதுத்தாப்புல கடை போடுறேன்னு சொன்னதுக்கா?" என்று கேட்டாள் மலையம்மாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"ஐயையோ, இல்ல ஆத்தா. என் பிள்ளை மேல சத்தியமா இல்ல." "நான் மடையன்தான் ஆத்தா. பாவி இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜெபமணி பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் எனக்குத்தானா?"

"ஆமா மதினி. ஒங்களுதுதான்."

"அப்ப நீங்க எதை வித்துச் சாப்புடுவீக?"

ஜெபமணி தம்பியின் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றாள் மலையம்மாள். எழுந்து, ஒரு தாட்டிலிருந்து பட்டுக் கிழிசலை அவிழ்த்து, மடித்து, ஜெபமணியின் மடியில் போட்டாள். "இதை நான் எடுத்துக்கிட்டு எதுத்தாப்புல கடை போட்டா, யாரோட போட்டி போடுறது? காத்தோடவா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. முப்பது வருசமா நானும் பஞ்சோட படுத்து எந்திரிக்கிறேன். அது தானாப் பத்தாது. என் பஞ்சு எப்படி எரிஞ்சுச்சு? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்."

"தெரியல ஆத்தா. சத்தியமாத் தெரியல."

"அப்பா." வாசலில் ஷெரின். செல்போன் கையில் இருந்தது. "கொஞ்சம் வெளிய வாங்க."

வெளியே போனேன். தீப்பெட்டி டின்னுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"ஆபீசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்ப்பா. அவர் கோவிச்சுக்கல. எரிஞ்ச ஷெட்டு எங்கன இருக்குன்னு கேட்டாரு. கண்டமனூர் விலக்கு, பழைய திராட்சைப் பெட்டி ஷெட்டுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அந்த ஷெட்டைத்தான் இன்னைக்குச் சாயங்காலம் பாக்க இருந்தாராம்."

எனக்குப் புரியவில்லை. அதாவது, புரிந்துகொள்ள என் மண்டை மறுத்தது.

"போன மாசமே பாலிசி போட்டாச்சாம்ப்பா. ஷெட்டுக்கு மட்டும் இல்ல. உள்ள இருக்குற சரக்குக்கும். இலவம் பஞ்சு, சொந்தச் சரக்குன்னு."

"போன மாசம் அங்க ஏதும்மா பஞ்சு? வெறும் ஷெட்டு. எலிகூட இல்ல."

"சரக்கு இந்த மாசம் வந்துரும்னு மாமா சொல்லிருக்காரு. வந்ததும் போன் பண்றேன்னாராம்." ஷெரின் உள்ளே மாமாவைப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் பண்ணிருக்காரு. வந்துருச்சுன்னு."

நேற்று சாயங்காலம். மினி லாரியிலிருந்து கடைசித் தாட்டை இறக்கிவிட்டு, நானும் ஏசுதாசனும் விலக்கு டீக்கடையில் சிரித்துக்கொண்டு டீ குடித்தோம். "ஒரு போன் பண்ணிட்டு வந்துர்றேன் அத்தான்" என்று அவன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போனான். டீக்குக் காசு கொடுத்தது நான்.

திரும்பி உள்ளே பார்த்தேன்.

மலையம்மாள் அவிழ்த்துப் போட்ட பட்டுக் கிழிசலை எடுத்து, ஜெபமணி தம்பியின் வெந்த கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சைப் பிள்ளையின் கையைப் போலப் பிடித்து, வலிக்குமோ என்று ஊதி ஊதிச் சுற்றினாள். ஏசுதாசன் குனிந்து அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாசலில் நிற்பதை உணர்ந்து நிமிர்ந்தான்.

"என்ன அத்தான் அப்படிப் பாக்குறீக?" என்றான். இன்னும் கண்ணீர் காயாத முகத்தில், எப்போதும் போல எனக்கு முன்னாலேயே சிரிக்க ஆயத்தமானான். "ஏதாச்சும் ஜோக்கா?"